மல்சுனுக்கு வராத அம்மை

பூண்டும் வெங்காயமும் விளைகிற சாங்னியோங் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் மல்சுன். அந்த வீட்டின் இளைய மருமகள். கல்யாணமான முதல் வசந்தத்தில் பிறந்த வீட்டுக்குப் போனாள். அங்கே அண்ணன் மகளுக்குச் சின்னம்மை. திரும்பி வந்ததும் மல்சுனின் கழுத்திலும் கையிலும் சிவந்த தடிப்புகள் கிளம்பி, இரண்டு நாளில் அமுங்கிப் போயின. சில வாரம் கழித்து மூத்த மருமகள் ஒக்ஜிக்கு நிறைமாத வயிற்றோடு உடம்பெல்லாம் அம்மை வார்த்தது. பிறந்த ஆண் குழந்தைக்கும் வார்த்தது. குழந்தை தங்கவில்லை.

"சின்னவ பொறந்த வீட்டுச் சீராக் கொண்டாந்த நோவு இது" என்று முதலில் சொன்னவள் மாமியார்.

அந்த ஒரு சொல் இருபது வருஷத்துக்கு மேல் நின்றது. திவச நாளில் மல்சுன் படையல் மேசைப் பக்கம் வரக்கூடாது. பின்கட்டில் பாத்திரம் கழுவ வேண்டும். அதன்பிறகு ஒக்ஜிக்குப் பிறந்த பிள்ளைகளை அவள் தொடக்கூடாது. மல்சுனுக்கு மகள் பிறந்தபோது ஒக்ஜி வாசலோடு திரும்பிப் போனாள். புருஷன் டூசிக் வாயில்லாப் பூச்சி. மல்சுனே அதை நம்பினாள் என்பதுதான் கொடுமை. பாவத்துக்குப் பரிகாரமாக, மாமியாரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு கோடையில் கிழவிக்கு இடுப்பைச் சுற்றி அக்கி கிளம்பியது. மல்சுன்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் இளம்பெண்.

"கொப்புளம் காயறவரைக்கும் கர்ப்பிணிங்க பக்கம் போகாதீங்க, பாட்டி. சின்னம்மை வராதவங்களுக்கு இதுலேருந்து சின்னம்மை ஒட்டிக்கும்."

"போன தடவை வந்தப்பவும் டாக்டர் இதையேதான் சொன்னாரு. புள்ளத்தாச்சி பக்கம் போகாதேன்னு" என்று கிழவி முனகினாள்.

அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்த மல்சுனின் கை நின்றது. "போன தடவைன்னா எப்ப, அத்தை?"

கிழவி மற்றச் செருப்பைத் தானே மாட்டிக்கொள்ளக் குனிந்தாள்.

மருத்துவர் மல்சுனிடம் திரும்பினாள். "இவங்களுக்கு மருந்து போடறது நீங்கதானே? உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கா?"

"வந்திருக்கு. என்னாலதான் ஒரு குழந்தை செத்துச்சு." ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள்.

மருத்துவர், எதற்கும் ரத்தத்தைச் சோதித்துவிடலாம் என்றாள்.

முடிவு வந்தது. "உங்க ரத்தத்துல சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லம்மா. ஒருதரம் வந்திருந்தா அந்தத் தடம் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும்."

"சோதனை தப்பா இருக்காதா?"

"எப்பவாவது தப்பாகலாம். இதைவிட நுணுக்கமா ஒண்ணு இருக்கு, அதையும் பார்ப்போம்."

அதுவும் அதையேதான் சொன்னது. அன்றைக்கு அவள் கழுத்தில் இருந்தது ஏதோ ஒவ்வாமைத் தடிப்பாக இருந்திருக்கும், ஆனால் சின்னம்மை இல்லை.

மல்சுன் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள்; வரவில்லை. அந்த வசந்தத்தில் மாமியார் முதுகுவலி என்று இடுப்பில் துணி சுற்றிக்கொண்டு, ஒக்ஜியின் கால் வீக்கத்தைத் தினமும் நீவிவிட்டது நினைவுக்கு வந்தது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அறுவடைத் திருநாள் வரட்டும் என்று காத்திருந்தாள்.

திருநாள் காலை ஒக்ஜியின் வீட்டில் உறவு மொத்தமும் கூடியது. மாமியாரையும் மல்சுன் கூட்டி வந்திருந்தாள். மல்சுன் பின்கட்டுக்குப் போகவில்லை. நேராகப் படையல் மேசை முன் போய் நின்றாள்.

"அங்க என்னடி வேலை உனக்கு?" என்றாள் ஒக்ஜி.

"எனக்கு ஆயுசுல சின்னம்மையே வந்ததில்லையாம், அக்கா. ரத்தத்தை ரெண்டு தரம் பார்த்துட்டாங்க. உங்க புள்ளைக்கு நோவு கொடுத்தது யாருன்னு அத்தையைக் கேளுங்க."

"குழந்தையைத் தின்னதுமில்லாம, வயசானவ மேல பழி வேறயா?"

"சரி, கேட்டுத்தான் பாருங்களேன். அந்த வசந்தத்துல இடுப்புல எதுக்குத் துணி சுத்தியிருந்தாங்கன்னு."

எல்லோரும் கிழவியைப் பார்த்தார்கள்.

"அம்மா?" என்றான் மூத்த மகன், ஒக்ஜியின் புருஷன்.

"அக்கி வந்திருந்துச்சு. புள்ளத்தாச்சி பக்கம் போகாதேன்னு டாக்டர் சொன்னாரு. லேசாத்தானே இருக்குன்னு நெனச்சேன்" என்றாள் கிழவி. "குழந்தை போனப்புறம் யார் தலையிலயாவது போட்டாகணுமே. அவ புதுசா வந்தவ. தாங்குவான்னு பட்டுது."

ஒக்ஜி மண்டியிட்டாள். பிறகு தவழ்ந்து வந்து மல்சுனின் பாவாடை நுனியைப் பிடித்தாள். "சின்னவளே, என்னை மன்னிச்சிடு."

மல்சுன் துணியை உருவிக்கொண்டாள். "மாட்டேன். நீங்க கேட்டுக்கிட்டே இருக்கலாம். அத்தை இனிமே இங்கதான் இருப்பாங்க. மூத்த மருமக நீங்கதானே, குளிப்பாட்டி விடுங்க. இடுப்புத் தழும்பைத் தேய்ச்சு விடும்போதெல்லாம் புள்ளையை நெனச்சுக்குங்க."

அது கொடுமை என்று அவளுக்குத் தெரிந்தேதான் சொன்னாள். கிழவி, "சின்னவளே, என்னை உன்கூடவே கூட்டிட்டுப் போ" என்று கை நீட்டினாள். மல்சுன் தன் மேல்கோட்டு ஒன்றை எடுத்து மாட்டினாள். டூசிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசற வயசுல பேசல. இப்ப எதுக்கு?" என்று அவனை அடக்கிவிட்டு வெளியே நடந்தாள்.

அந்த மாதமே தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொண்டாள். சொன்ன தேதிக்குப் போய் இரண்டாவதையும் போட்டுக்கொண்டாள். கிழவி மறுவருஷம் பனிக்காலத்தில் ஒக்ஜியின் கையில் செத்துப்போனாள். மல்சுன் சாவுக்குப் போய் முறைப்படி வணங்கினாள், அழவில்லை. ஒக்ஜி இப்போதும் அறுவடை முடிந்ததும் மூட்டை நிறையப் பூண்டு அனுப்புகிறாள். மல்சுன் அதைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சந்தையில் போய்த் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறாள்.