பத்தாயத்தின் மேல் டீசல் எஞ்சின்

பழைய டீசல் எஞ்சின் பொம்மைகளை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெரிய பவிசோடு விற்கிறார்களாம். வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கிறார்கள், பெட்டியோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தண்டவாளத்தின் வளைவை யாரும் பார்ப்பதில்லை. முதலில் வளைவைப் பார்க்க வேண்டும், பிறகுதான் எஞ்சின். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஐம்பத்தைந்தாம் வருஷம், எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் மேல் நானே கண்டுபிடித்தது.

பத்தாயம் என்றால் நெல் போட்டு வைக்கும் பெரிய மரப்பெட்டி. எங்கள் வீட்டில் இருந்தது ஆறடி நீளம், நாலடி அகலம். அதன் மூடிமேல்தான் என் வீட்டுக்காரர் ரயில் பாதை போட்டிருந்தார். தகரப் பட்டையை வெட்டித் தண்டவாளம், மூங்கில் சிம்பில் குறுக்குக்கட்டை, பஸ்ஸிலிருந்து கழித்துப்போட்ட பேட்டரியில் கரண்ட். அவர் நாகர்கோவிலில் பஸ் ஷெட்டில் மெக்கானிக். டீசல் எஞ்சின் சத்தத்தைத் தெருவில் நின்று கேட்டே டீசலைப் பீய்ச்சும் ஊசிக்குழாய்களில் எது அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஊரில் ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ்ஸில்தான் போக வேண்டும். நான் அதுவரை ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் என் வீட்டுப் பத்தாயத்தில் மூன்று பெட்டிகளுடன் ஒரு ரயில் நின்றது. எஞ்சின் மட்டும் இல்லை.

பெட்டிகள் மூன்றையும் கொழும்பிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்தான். அங்கே ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் அவனுக்கு வேலை. எஞ்சின் இல்லாத குறைக்கு அவர் தினமும் காலையில் பெட்டிகளைக் கையால் தள்ளிவிட்டு, வாயால் ஹாரன் அடிப்பார். மாமியார் தலையில் அடித்துக்கொள்வார்கள். “நெல்லு இருக்குத எடத்துல ரயிலு ஓட்டுகான். லெச்சுமி பொறுப்பாளா?” என்பார்கள். கும்பப்பூ என்கிற மாசி போகம் அறுத்து நெல் வந்தால் பாதையைக் கழற்றித்தான் மூடியைத் திறக்க வேண்டும். பத்தாயச் சாவி என் இடுப்பில். ஆகவே அந்த ரயில்வேக்கு நான்தான் மேலதிகாரி.

அந்த வருஷம் அவர் நிஜ ரயில்வேக்கும் மனுப் போட்டிருந்தார். வடக்கே எங்கோ டீசல் எஞ்சின் இறக்கப்போகிறார்கள், மெக்கானிக் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு எழுதினார். கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தபால்காரர் வரும் நேரம் வாசலிலேயே நிற்பார். வேலை கிடைத்தால் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் போய்விடுவார். நானும் மாமியாரும் வயலும் இங்கே. ஒரு நாள், “அது கெடைக்காது போலிருக்கு” என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. எனக்கு உள்ளூர அப்படி ஒரு நிம்மதி. அதை நான் வெளியே காட்டவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் அண்ணனிடமிருந்து தடித்த கவர் ஒன்று வந்தது. இலங்கையில் தங்குவதற்கு இனி அனுமதியை நீட்டிக்க மாட்டார்களாம். அடுத்த மாதம் ஊருக்கே வந்துவிடுகிறானாம். “கடைசித் தடவை. ஒரு எஞ்சின் கொண்டுவருகிறேன். இங்கே இப்போது நிஜமாகவே டீசல் எஞ்சின் ஓடுகிறது, அதனால் கடையிலும் டீசல் மாடல்தான் நிறைய. மூன்று இருக்கிறது. எது வேண்டும் என்று உடனே எழுதுங்கள்” என்று எழுதியிருந்தான். கூடவே மூன்று எஞ்சினையும் பொம்மையின் அளவிலேயே காகிதத்தில் வரைந்து வைத்திருந்தான்.

முதலாவது, ஒரு முழத்துக்கு மேல் நீளம். மூக்கு உருண்டை, உடம்பெல்லாம் சிவப்பு, வெள்ளிக் கோடு. இரண்டாவது முக்கால் முழம். ஒரு பக்கம் டிரைவர் அறை, மறு பக்கம் பஸ் பானெட் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது ஒரு சாண். குட்டையாய், சதுரமாய், பெட்டி இழுத்து மாற்றுவதற்காக ஸ்டேஷனுக்குள்ளேயே கிடக்கிற வகை.

அவர் நீளமானதன் படத்தை எடுத்துப் பத்தாயத்தின் மேல் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார். “ஏட்டி, இதப் பாரு. ரெண்டு பக்கமும் ஆறாறு சக்கரம். இதுக்க எஞ்சினு நம்ம பஸ்சு எஞ்சினப் போல பத்து இருக்கும்” என்றார்.

“சக்கரம் இருக்கட்டும். வளைவுல திரும்புமா?” என்றேன்.

“திரும்பாம என்ன?”

“கோட்டாறு கடைத்தெருவுல உங்க நீள பஸ்சு ஒரே மூச்சுல திரும்புகா?”

நான் விடுவேனா? ஜாக்கெட் தைக்கிறவள் நான். துணியில் கத்திரி வைப்பதற்கு முன்னால் காகிதத்தில் வெட்டிப் பார்க்கிறவள். பழைய காலண்டர் அட்டையில் மூன்று எஞ்சினையும் அளவாக வெட்டினேன். முன்னும் பின்னும் சக்கரக்கூடு வருகிற இரண்டு இடத்திலும் குண்டூசி குத்தினேன். ஊசி இரண்டும் தண்டவாளத்தின் நடுவை விட்டு விலகாமல் அட்டையை மெதுவாக நகர்த்தினேன். நேர்பாதையில் ராஜநடை. வளைவு வந்ததும் நீள அட்டையின் வயிறு உள்பக்கம் பிதுங்கி அவர் செய்த குட்டி ஸ்டேஷனை இடித்துத் தள்ளியது. மூக்கு மூடியைத் தாண்டிச் சுவரில் முட்டியது. நாலடி அகலத்துக்குள் திரும்புகிற ஜாதி இல்லை அது. இரண்டாவது தட்டுத்தடுமாறிப் போனது. குட்டை எஞ்சின் மட்டும் ஜம்மென்று சுற்றி வந்தது.

“பாத்தியளா?” என்றேன். எனக்கு அப்படி ஒரு கெத்து.

“செரி. குட்டையவே எழுதிரு” என்றார் அவர். காகிதங்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் எனக்கு அது என்னவோ போல இருந்தது. குழம்பில் உப்பு கூடுதலா குறைவா என்பதற்கே அரைமணி நேரம் வாதாடுகிற மனுஷன். வளைவை அகலமாக்குகிறேன், பலகை போட்டு நீட்டுகிறேன், ஸ்டேஷனைத் தள்ளி வைக்கிறேன் என்று ஆயிரம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. ஆசைப்பட்டதை இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்க இவர் எங்கே பழகினார் என்று தோன்றியது.

அண்ணனுக்கு எழுத ஒரு கவர் வேண்டியிருந்தது. அவர் ஷெட்டுக் காகிதங்களைப் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மேலேயே இருந்தது, ரயில்வே ஆபீசிலிருந்து வந்த நீளக் காகிதம். நான் ஸ்கூல் ஃபைனல் வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவேன். வேலை கிடைத்திருக்கிறது. டீசல் ஷெட்டில். இன்ன தேதிக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம். காகிதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மாமியாரிடம், “இப்ப வந்திருகேன்” என்று சொல்லிவிட்டுக் காகிதத்தோடு விறுவிறுவென்று பஸ் ஷெட்டுக்கு நடந்தேன். அந்தக் காலத்தில் குடும்பத்துப் பெண் எவளும் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே போனதும் ஸ்பேனர் சத்தமெல்லாம் நின்றது. ஒருவர் பீடியைக் காலடியில் போட்டு மிதித்தார். என் வீட்டுக்காரர் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தது. நான் அந்தக் கால்களிடம் பேச ஆரம்பித்தேன்.

“வேல கெடைக்கலண்ணு சொன்னியளே, இது என்னவாக்கும்?”

கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

“மூணு வாரமா டப்பாவுல கெடக்கு. யாருக்காவ ஒளிச்சு வச்சியோ?”

மெதுவாக வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“நா போனா நீ என்ன செய்வ? அம்மைக்குக் கண்ணு தெரியமாட்டேங்கு. வயலு இருக்கு. சவம், வேலதானே. அதுவா பெரிசு?”

“வயலப் பாக்க எனக்குத் தெரியாதாக்கும்? கடந்த பூவுல வரப்புல நிண்ணு அறுத்துக் களத்துல சேத்தது யாரு? நீங்க பஸ்சுக்கு அடியிலல்லா கெடந்திய?”

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“நீ வேண்டாம்ணுதான் சொல்லுவ” என்றார். “எனக்குத் தெரியும்.”

“அத நானில்லா சொல்லணும்? எனக்குப் பதிலா நீங்களே கேட்டு, நீங்களே சொல்லி, டப்பாவுல போட்டு மூடிட்டா ஆச்சா? இப்ப கேளுங்கோ. எங்கிட்டக் கேளுங்கோ!”

ஷெட்டே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் கையைக் கந்தல் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“நா போகட்டா?”

கேள், கேள் என்று குதித்தவள் நான்தான். அவர் கேட்டும்விட்டார். வேண்டாம் என்ற சொல்தான் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், வேறு ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. அந்த மனுஷன் என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தார். நான் நிம்மதிப்பட்டதைக்கூடப் பார்த்திருப்பார். அதை நினைத்ததும் அத்தனை பேர் முன்னாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

காகிதத்தை அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

“அண்ணனுக்கு நீளமானத எழுதப்போறேன்” என்றேன்.

“அது வளைவுல திரும்பாதுட்டி. நீதானே வெட்டிக் காட்டுன.”

“திரும்பாண்டாம். லீவுல வந்து வளைவ அகலமாக்குங்கோ” என்று சொல்லிவிட்டு, அவர் வேறெதுவும் கேட்பதற்கு முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தேன்.