பிள்ளையாருக்கு முன்னால வச்ச கடுதாசி

அட, அது சண்டையே இல்லம்மா! "அந்தக் கடுதாசிய சாமிகிட்ட வைக்காதடி"ன்னு எம் பேத்தியப் பாத்துக் கத்துனேன், அதான் முகாம் சுவத்தத் தாண்டி உங்க வூட்டுக்கே கேட்டிருக்குது. சந்தோசத்துல கத்துனதும்மா. குடியுரிமைக்கு மனு போட்டிருந்தா இல்ல, திங்கக்கெழம கடலூருக்கு விசாரணைக்கு வரச் சொல்லிட்டாங்க! மூணு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டேன். நாலாவது வாட்டிக்கு, "நீயே வாசி அம்மம்மா"ங்குறா. எனக்கெங்க எழுத்து தெரியும்!

சாமிகிட்ட வச்சா என்னங்குறியா? சிலோன்ல எங்களுக்கு வயலு இருந்துச்சு. எங்கப்பா காடு வெட்டித் திருத்துனது, பத்திரம் கேட்டு அலைஞ்சாரு. நான் அப்ப பாவாட கட்டுற வயசு. கவர்மெண்டு பக்கத்துல குளம் வெட்டி, வெளியூரு சிங்களச் சனங்களக் கொண்டாந்து குடி வச்சிச்சு. ஆபீசுத் தாளெல்லாம் சிங்களத்துலதான் வரும். ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. அப்படி ஒண்ணு வந்துது, சிங்க முத்திரையோட.

"காணி எங்களுக்கெண்டு எழுதித் தந்திட்டாங்கள்"னு எங்கப்பா குதிச்சாரு. பிள்ளையார் படத்துக்கு முன்னால வச்சு, வெள்ளிக்கெழமையானா விபூதி, பூவு, கற்பூரம். நான் சிரிச்சதுக்கு முதுகுல ஒண்ணு விழுந்துது.

சைக்கிள்ல பாண் விக்க ஒரு சிங்களத்து அண்ணன் வருவாரு. பாண்னா நீங்க சொல்ற ரொட்டி. ரொம்ப நல்ல மனுசன். அவருகிட்ட அப்பா பெருமையா நீட்டுனாரு. படிச்சாரு, தொப்பியக் கழட்டிட்டாரு.

"ஐயா, இது பத்திரம் இல்ல. விசாரணைக்கு வாங்க, வரல்லயெண்டா காணி இல்ல எண்டு போட்டிருக்கு. அந்த நாள் போயிட்டுது ஐயா."

அன்னைக்கு வாங்குன பாண யாருமே தொடல. காஞ்சு கல்லாயிடுச்சு.

அடுத்த விதைப்புக்கு வேற ஒருத்தன் எங்க வயல்ல ஏர் கட்டுனான். அவனும் கஞ்சிக்கு இல்லாதவன், அவன என்னத்தச் சொல்ல. பொறவு கலவரத்துல வூட்டையும் கொளுத்துனாங்க. அப்பா அதுக்கு முன்னமே போய்ச் சேந்துட்டாரு. சாவுற வரைக்கும் பிள்ளையாரு பக்கம் திரும்பல.

படகு ஏறி வந்து, இங்க அச்சுல எடுத்த பீங்கான் பொம்மைக்குப் பிசிறு ஓரம் சீவியே என் காலம் போச்சு. பேத்தி இந்த ஊருலயே பொறந்தவ. அவளுக்கும் அகதி அட்டதான். குடுப்பாங்களோ, கைய விரிப்பாங்களோ. ஆனா இந்த வாட்டி நாளு போகலம்மா! கடுதாசிய என் தலகாணிக்குக் கீழ வச்சிருக்கேன், திங்கக்கெழம மொத பஸ்ஸு…

ஐயோ, தூறுதே! சூளையில இன்னும் சுடாத பொம்மையெல்லாம் பலகையோட வெளிய கெடக்குது, நனைஞ்சா சேறாயிடும். நீ அந்தப் பக்கம் புடி வா!