ஐந்தாம் மாடி விசாரணை

ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுவில் எஞ்சிய மகரந்தத் தண்டைப் பெண் பூவுக்குள் மெதுவாகத் தடவுகிறான் தம்பி. பரங்கிக்கொடி. ஐந்து மாடி ஏறித் தேனீ வருவதில்லை. ஆகவே விடிந்ததும் அந்த வேலையும் அவன் தலையில்தான். "கூச்சப்படாதே தாயே, நான் வெறும் தரகன்," என்று பூவிடம் சொல்கிறான். அநேக நாட்களில் அவன் வாய் திறந்து பேசும் முதல் பேச்சு அதுதான். சில நாட்களில் கடைசிப் பேச்சும்.

ஐம்பதைத் தாண்டியவனைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு அக்கா. நகரத்தின் மறுகோடியிலிருந்து ஞாயிறுதோறும் பேருந்து பிடித்து வருகிறாள். மொட்டை மாடிக் கதவைத் திறந்ததும் ஒவ்வொரு தடவையும் சற்று நின்றுவிடுவாள். பெயின்ட் டப்பாக்கள், ஓட்டை வாளிகள், யாரோ வீசியெறிந்த குளியல் தொட்டி. அத்தனையிலும் கத்தரி, தக்காளி, கீரை. கம்பியில் அவரை ஏறிக் கிடக்கும். இதெல்லாம் என் கூடப் பிறந்தவன் கைவேலை என்று எதிர்மாடியைப் பார்த்து உரக்கச் சொல்லத் தோன்றும் அவளுக்கு. எதிர்மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் இருக்காது.

தையல் மெஷின் பழுது பார்ப்பது அவன் தொழில். முன்பு ஒரு பெரிய ஆயத்த ஆடை ஆலையில் மெக்கானிக்காக இருந்தான். வேலை முடியாமல் யாரும் கிளம்பிவிடக் கூடாது என்று அங்கே கதவை வெளியே பூட்டுவார்கள். ஒரு நாள் ஒரு பெண் மெஷின்மேலேயே மயங்கிச் சரிந்தாள். சாவி வந்து சேர நேரமாயிற்று. அவளுக்குத் தண்ணீர் தெளித்த கையோடு வேலையை விட்டு வந்தவன், அன்றிலிருந்து எதை வாங்கினாலும் கேள்விதான். யார் செய்தது? என்ன கூலி கொடுத்தார்கள்? தெருவில் அவனுக்கு 'விசாரணை' என்று பெயர் விழுந்துவிட்டது.

கடைகளுக்கு அவன் வைக்கும் சோதனை ஒன்றுதான். வேலை செய்கிறவர்கள் உட்கார ஓர் இருக்கை இருக்க வேண்டும். இல்லாத கடையில் உப்புகூட வாங்க மாட்டான். தெருமுனை மளிகைக் கடைக்காரர் அவன் தலையைக் கண்டதும் உள்ளே வேலைக்கு நிற்கும் பெண்ணிடம் திரும்பி, "யம்மா, விசாரணை வருது! ஸ்டூலப் போட்டு உக்காரு, சீக்கிரம்," என்பார். அவன் போனதும் ஸ்டூல் உள்ளே போய்விடும். இது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் ஒரு சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் வானிலை பேசுகிறான்.

"சோப்பு வாங்கறீங்களா, இல்ல அதுக்குப் பொண்ணு பாக்கறீங்களா?" என்று கடைக்காரர் நெளிவார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க. அந்தப் பொண்ணு கொஞ்சம் உக்காந்திருக்கட்டும்."

ஸ்டூலில் இருக்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு காலை நீட்டிக்கொள்வாள்.

ஒற்றை ஆள் தின்று போடும் தோலில் ஒரு தொட்டி உரம்கூடத் தேறாது. மனைவி இறந்த பிறகு அவன் தெரிந்துகொண்ட கணக்கு அது. அதனால் மாடி மாடியாக வாளியோடு இறங்கி, கதவருகே வைத்திருக்கும் காய்கறிக் கழிவுகளை வாரி வருகிறான். இரண்டாம் மாடியில் விருந்தாளி வந்திருப்பது கழிவைப் பார்த்தே அவனுக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் யாருக்கோ உடம்பு சரியில்லை, வெறும் ஆரஞ்சுத் தோலாக வருகிறது. பதிலுக்குக் காய்களைப் பையில் போட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிடுவான். லிப்டில் பார்த்தால், "உங்க கத்தரிக்கா வெண்ணெய் மாதிரி இருந்துச்சு சார்," என்பார்கள். "உள்ள வாங்க" என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. வந்தால் நாற்காலியைப் புரட்டிப் பார்த்து எங்கே வாங்கினது என்று கேட்பானே!

மகளிடமும் கேட்டான். வெளியூரில் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கி வந்தாள். அவன் காலரைத் திருப்பினான். அவன் விட்டு வந்த ஆலை எந்தக் கம்பெனிக்குத் தைத்துக் கொடுத்ததோ, அதே கம்பெனி. "இதை நான் போட மாட்டேன்மா. திருப்பிக் குடுத்துடு," என்றான். அவள் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். பிறகு வந்த போனெல்லாம், "சாப்பிட்டியா? சரி, வச்சிடறேன்," என்பதோடு சரி.

சமாதானம் செய்ய அவன் ஒரு காரியம் செய்தான். அவள் பிறந்த நாளுக்கு, பால்கனியில் செடி வைக்கட்டுமே என்று, தன் தொட்டியில் பக்குவப்பட்ட உரமண்ணை ஒரு மூட்டை கட்டிக் கூரியரில் அனுப்பினான். வழியில் மூட்டை பிரிந்து, அடுத்தவர்களுடைய பார்சலெல்லாம் மண்ணாகி, கூரியர் ஆபீசிலிருந்து அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள்.

"பெத்த பொண்ணுக்குப் பிறந்த நாள் பரிசா மண்ண அனுப்பின அப்பன் நீ ஒருத்தன்தாண்டா," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"நல்ல மண்ணுக்கா. புழுவெல்லாம் இருந்துச்சு," என்றான்.

அதன் பிறகு அந்தப் போனும் நின்றுபோனது.

போன வாரம் திடீரென்று மகள் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, எட்டிப் பார்க்கிறேன் என்றாள். ஞாயிறன்று அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். அவன் கீரையை இரண்டு தடவை அலசினான், தரையை மூன்று தடவை துடைத்தான்.

"இங்க பாரு, இன்னிக்கு ஏதாவது கேட்டே, அவ இந்த வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டா. வாயத் தைச்சுக்கோ. மெஷின்தான் வீட்டுலயே இருக்கே."

"நான் என்னக்கா கேக்கப் போறேன்?"

"நீயா? அடிக்கிற காத்தையே நிறுத்தி எந்த ஊருன்னு கேப்பே."

மகள் வந்தாள். இளைத்திருந்தாள். "வாம்மா," என்றான். அவள் தோள்பையைக் கழற்றாமல் கதவருகிலேயே நின்று, கையிலிருந்ததை நீட்டினாள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் திராட்சை. மூடியில் ஒரு பெரிய அங்காடியின் பெயர். நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போடும் பெண்களைப் பற்றித் தம்பி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானே, அதே அங்காடி.

அவன் விரல்கள் தம் பழக்கப்படி பெட்டியைப் புரட்டிவிட்டன. அடியில் வெள்ளைச் சீட்டு, பொடிப்பொடியாக எழுத்து.

"படிப்பா," என்றாள் மகள். "எங்க விளைஞ்சது, யாரு பறிச்சாங்க, எல்லாம் போட்டிருக்கும். படிச்சிட்டுச் சொல்லு, நான் கிளம்பறேன்."

அவன் சீட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பிரித்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.