சார்ஜ் ஏறும்வரை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூரைமேல் சாய்ந்த வேப்பங்கிளையை வெட்ட, பேட்டரி ரம்பத்தோடு ஒருவர் வந்தார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மலையிலிருந்து இறங்கியவர். ஒல்லியான உடம்பு, வெயிலிலும் கழற்றாத கம்பளித் தொப்பி. ரம்பத்தின் சங்கிலியில் சிக்கிய பட்டையை எடுக்கும் முன், ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றித் தள்ளி வைப்பார்.

பாதி வேலையில் சார்ஜ் தீர்ந்தது. பேட்டரியின் சூடு ஆறும்வரை காத்திருந்து, வெளி வராந்தாவில் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“உள்ள வந்து சாப்பிடுங்க அண்ணாச்சி” என்றேன்.

“இத விட்டுட்டு வரக்கூடாது சார். சூடாகிப் புகைஞ்சா பிடுங்கிப்போட ஆளு வேணும்லா?”

“வீட்டுல சார்ஜ் போட்டா யாரு பாக்கா?”

“நாந்தான். தூங்கும்போது மட்டும் போடமாட்டேன். தீப்பிடிச்சா என்னைய எழுப்ப ஆளு கெடையாதுல்லா” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு தட்டுகளை வராந்தாவுக்கே கொண்டுவந்து அவருடன் சாப்பிட்டேன். சார்ஜர் விளக்கு பச்சையானதும் பேட்டரியைக் கழற்றினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. “குழம்பு நல்லாருக்கு சார்” என்று மூன்றாம் முறையாகச் சொன்னார். கடைசியாக யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.