சக்கர நாற்காலி ஏறும் படகு

"பெல்ட் போடாம ஒரு ஆளும் என் துறையில இருந்து கிளம்பக் கூடாது" என்று சங்கரநாராயணன் சொன்னதும், படகில் ஏற வந்தவர்கள் யோகலட்சுமியின் முகத்தைத்தான் பார்த்தார்கள். குற்றாலச் சீசனுக்காகப் பண்டாரங்குளத்துப் படகுத்துறையை ஏலத்தில் எடுத்திருந்தவர் சங்கரநாராயணன்.

யோகலட்சுமி தன் சக்கர நாற்காலியைத் திருப்பி அவருக்கு நேராக நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, நாற்காலியத் தரையோட மாட்டுங்க, வேண்டாங்கல. ஆளையும் நாற்காலியோட சேத்துக் கட்டாதிய. படகு கவுந்துச்சுன்னா நாற்காலி நேரா அடிக்குப் போவும். கட்டுன ஆளு எங்க போவாவ?"

"அதான் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காவல்லா?"

"இரும்போட கட்டுனா ஜாக்கெட் என்ன செய்யும்?"

"கவுராதும்மா. படகு ஆடுனா ஆளு விழுந்துரும், அதுக்குத்தான் பெல்ட். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பெல்ட்டு கூடப் போடலயான்னு என்னையல்லா பிடிப்பாவ. பெல்ட் இல்லன்னா படகு இல்ல. அவ்வளவுதான்."

யோகலட்சுமி சுற்றிலும் பார்த்தாள். இந்தக் காலைக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கியிருக்கிறாள். இப்போது முரண்டு பிடித்தால் படகு கரையிலேயே கிடந்துவிடும். "சரி, போடுங்க" என்றாள். சொன்னாளே தவிர, மனசு ஒப்பவில்லை.

அவளுக்கு ஊர் இலஞ்சி. கடையத்தில் வாழ்க்கைப்பட்டாள். காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனவள், கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கம் கால் வழுக்கிக் கீழே விழுந்தாள். முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே எறும்பு கடித்தாலும் தெரியாமல் போயிற்று. புருஷன் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தான், அப்புறம் வரவில்லை. ஆய்க்குடி மறுவாழ்வு மையத்தில் தங்கி, கட்டிலில் இருந்து நாற்காலிக்கும் நாற்காலியில் இருந்து ஆட்டோவுக்கும் கைவலுவாலேயே தாவப் பழகிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். சாரல் விழுந்தால் வீடே குளிக்கக் கிளம்பும். அவள் வேனுக்குள் உட்கார்ந்து பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பாள். அருவிச் சத்தம் கேட்கும், தண்ணீர் கண்ணில் படாது.

ஒரு சீசனில் அது அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தென்காசியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வீரபாகுவைத் தேடிப் போனாள். அவளுடைய அண்ணனோடு படித்தவர், படகு ஓட்டவும் தெரிந்தவர். இரண்டு பழைய பைபர் படகுகளை அருகருகே சேர்த்து, மேலே தட்டையான தளம் போட்டு, சுற்றிலும் கம்பி அடைத்து, இடப்பக்கம் கதவு வைத்தார் அவர். கரையில் இருந்து சரிவுப் பலகை வழியாக நாற்காலி அப்படியே உருண்டு உள்ளே போகும். யாரும் யாரையும் தூக்க வேண்டியதில்லை.

அன்று ஏறியவர்கள் மூன்று பேர். யோகலட்சுமி முன்பக்கம். வலப்பக்கம் ஆவுடைநாயகம். கடையத்துக்காரர், ஓய்வுபெற்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபின் வீட்டு வாசலைத் தாண்டாதவர். மனைவி கெஞ்சி அழைத்து வந்திருந்தாள். கதவை ஒட்டி இடப்பக்கம் சனோபர். செங்கோட்டைப் பெண். பிறவியிலேயே கழுத்தும் கைகளும் சொன்ன பேச்சுக் கேட்காது. ஒற்றை விரலால் ஓட்டும் அவளுடைய பேட்டரி நாற்காலி பல வருஷம் மனுப் போட்டுக் கிடைத்தது. அது வந்த பிறகுதான் தெருமுனை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

படகு நடுக்குளத்துக்கு வந்ததும் சனோபர் சத்தமாகச் சிரித்தாள். வீரபாகுவும் சிரித்தார். யோகலட்சுமியின் விரல்கள் மட்டும் இடுப்பு பெல்ட்டின் பூட்டைத் தடவிக்கொண்டே இருந்தன.

மலை திடீரென்று மறைந்தது. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று ஒரே அறையாக அறைந்தது. சாரலாக விழுந்தது மழையாகக் கொட்டத் தொடங்கியது. வீரபாகு படகைத் திருப்பினார். மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"ஆகாயத்தாமரை. விசிறியில சுத்திக்கிட்டு."

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குப்புறப் படுத்தார். காற்று படகைக் கிழக்கே தள்ளியது. கிழக்கே மறுகால். குளம் நிறைந்து, உபரித் தண்ணீர் கற்களுக்குமேல் விழுந்து ஓடுகிற இடம். அந்த இரைச்சல் இப்போது தெளிவாகக் கேட்டது.

அடியில் 'டொம்' என்று ஒரு இடி. தண்ணீருக்குள் மறைந்து நின்ற கருவை மரத்து மூட்டில் இடப்பக்கத்துப் படகு மோதியிருந்தது. சற்று நேரத்தில் அதற்குள் தண்ணீர் ஏறி, தளம் இடப்பக்கமாகச் சாய்ந்தது.

யோகலட்சுமி தன் பெல்ட்டை விடுவித்துத் தரையில் விழுந்தாள். கைகளை ஊன்றி இழைந்து சனோபரிடம் போனாள். சாய்வில் சனோபரின் உடம்பு முழுவதும் பெல்ட்டின்மேல் தொங்கியதால் பூட்டு இறுகிக் கிடந்தது. அழுத்தினாள், பல்லால் கடித்தும் பார்த்தாள். அசையவில்லை.

"அண்ணாச்சி, அரிவாள இங்கன தள்ளுங்க!"

"செடிய அறுக்காட்டா மறுகால்ல போயிருவோம்மா!"

"பெல்ட்ட அறுக்காட்டா இந்தப் பிள்ள இங்கனயே போயிரும். தள்ளுங்கன்னா!"

அரிவாள் ஈரத் தளத்தில் வழுக்கி வந்தது. அறுத்தாள். சனோபர் அவள் தோள்மேல் சரிந்தாள். அவளைக் கக்கத்தில் இடுக்கி, மேடாகிவிட்ட வலப்பக்கம் இழுத்துக் கொண்டு சேர்த்தாள். பிறகு ஆவுடைநாயகத்தின் பெல்ட்டில் கை வைத்தாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னைய விட்டுரு தாயி. நான் இப்படியே இருக்கேன்."

வாய் குழறினாலும் குரலில் நடுக்கம் இல்லை. அவர் பயப்படவில்லை என்பதுதான் யோகலட்சுமியைப் பயமுறுத்தியது.  அதற்குள் சனோபர் மறுபடியும் கீழ்ப்பக்கம் வழுக்கத் தொடங்கினாள்.

"ஐயா, இந்தப் பிள்ளையப் பிடிக்க ஆளில்ல. எனக்கு இருக்கது ரெண்டு கைதான். உங்க இடது கை எனக்கு வேணும். பொறவு நீங்க என்னமும் செய்ங்க!"

அவர் சனோபரைப் பார்த்தார். பெல்ட்டின் பூட்டைத் தானே தட்டினார். பாதி உடம்போடு தரையில் விழுந்து, சனோபரின் ஜாக்கெட்டுக் காலரை அள்ளிப் பிடித்தார்.

சாய்வு இன்னும் கூடியது. கதவோரம் நின்ற பேட்டரி நாற்காலியின் கனம் அந்தப் பக்கத்தைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. யோகலட்சுமி அதைப் பார்த்தாள், சனோபரைப் பார்த்தாள். 

சனோபரே சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னாள்: "தள்…ளி…ருங்கக்கா."

யோகலட்சுமி கதவைத் திறந்து, தரைக் கொக்கியை எடுத்துவிட்டு, தோளைக் கொடுத்து நெட்டினாள். நாற்காலி கவிழ்ந்து தண்ணீருக்குள் போனது. குமிழிகள் வந்தன, நின்றன. தன் நாற்காலியையும் தள்ளினாள். மொத்தப் பாரமும் குறையட்டும் என்று ஆவுடைநாயகத்தின் நாற்காலியையும் அதே கதவு வழியே உருட்டிவிட்டாள். தளம் முனகிக்கொண்டே கொஞ்சம் நிமிர்ந்தது.

"இந்தாங்க அண்ணாச்சி, இப்ப அறுங்க!"

வீரபாகு செடியை அறுத்து முடிப்பதற்கும், மறுகால் கரையில் நின்றவர்கள் கயிறு வீசுவதற்கும் சரியாக இருந்தது. ஓடி வந்து கயிற்றை இழுத்தவர்களில் சங்கரநாராயணனும் இருந்தார். அறுந்து கிடந்த பெல்ட்டை அவர் கையில் எடுத்துப் பார்த்தார். 

கரையில் காத்திருந்த சனோபரின் அண்ணன் யோகலட்சுமியிடம் வந்தான். "உசுரக் காப்பாத்திட்டிய, சரி. இனி இவ எப்படி வெளிய வருவா? அதச் சொல்லுங்க" என்றான்.  அந்தச் சீசன் முழுக்கப் படகு நிறுத்தப்பட்டது. சனோபர் மறுபடியும் ஜன்னலோரக் கட்டிலுக்கே போனாள். யோகலட்சுமி அடிக்கடி செங்கோட்டைக்குப் போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தாள். அவளுக்கு வேறு நாற்காலி கேட்டு எத்தனையோ அலுவலகங்களில் மனுக் கொடுத்தாள். கோடையில் குளம் வற்றியதும் மூன்று நாற்காலிகளும் சேற்றில் அகப்பட்டன. இரண்டைக் கழுவித் தேய்த்துக்கொள்ள முடிந்தது. பேட்டரி நாற்காலி எதற்கும் உதவவில்லை.

வீரபாகு அந்த இரட்டைப் படகின் வயிற்றுக்குள் தெர்மோகோல் அடைத்து மூடினார், ஓட்டை விழுந்தாலும் முங்காதபடிக்கு. ஆளுக்குப் பெல்ட் கிடையாது என்று சங்கரநாராயணனே துறையில் எழுதி வைத்தார். காற்று கிளம்பும் நாளில் படகும் கிடையாது என்று அதன்கீழ் எழுத வைத்தவள் யோகலட்சுமி. அடுத்த சாரலில் படகு ஓடத் தொடங்கியது. ஆவுடைநாயகம் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். யாராவது புதிதாக ஏறினால், இடது கையால் ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்துச் சரிபார்க்கிறார்.

சனோபருக்கும் ஒரு வழியாக வேறு நாற்காலி வந்துவிட்டது. ஆனால் அவள் இன்னும் படகில் ஏறவில்லை. வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள், அவளுக்கும் கொஞ்சம் பயம் இருக்கிறது. "வாரியாட்டி?" என்று யோகலட்சுமி போனில் கேட்டால், "இந்த வாரம் வேண்டாங்கக்கா. ஆனா கேக்கத மட்டும் விட்டுராதிய" என்கிறாள்.

யோகலட்சுமி விடவில்லை.