மைக் முன்னால் மூடிய வாய்

என் குரல் முதன்முதலில் என்னைக் கைவிட்டது மட்டாஞ்சேரி நகரசபைக் கூட்டத்தில். சாக்கடைத் தீர்மானத்தின் மேல் இருபது நிமிடம் பேசியிருப்பேன். சட்டென்று குரல் அறுந்து வெறும் காற்று வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். நோயின் முதல் அறிகுறிக்கே பாராட்டு வாங்கியவன் நான்.

தொண்டை கட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மிளகுக் கிடங்குகளுக்கு நடுவில் வார்டு வைத்திருப்பவனுக்குக் கஷாயத்துக்கா பஞ்சம்? நான்கு மாதம் குடித்தேன், வயிறுதான் எரிந்தது. இதைப் படிக்கும் உங்களுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

என் பிழைப்பே குரல்தான். காலையில் கவுன்சிலர், மாலையில் ஊர்க் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். ஆட்டத்துக்கு முன் நான் பேசும் பேச்சு ஆட்டத்தைவிட நீளம் என்பார்கள். பொறாமை.

மனைவி கதீஜாவும் நானும் படகில் எறணாகுளம் போனோம். டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல்நாணில் பாலிப் (மிளகளவு சதை வளர்ச்சி) இருக்கிறது, வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். எதற்குச் சோதனை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பும் படகில் கதீஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

அறுவை முடிந்தது. சோதனையும் நல்லபடியாக வந்தது. ஆனால் டாக்டர் விரலை நீட்டினார்.

"நாலு வாரம் சத்தமே வேண்டா. ரகசியம் பேசறதும் வேண்டா. பேசினா புண்ணு ஆறாது, பின்ன குரல் திரும்பக் கிட்டாது."

"இவங்களா? நாலு வாரமா?" கதீஜா சிரித்துவிட்டாள். "டாக்டரே, வேற மருந்து ஒண்ணும் இல்லையா?"

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிலேட்டைக் கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டினாள். நான் எழுதி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் சாயா குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

மூன்றாவது வாரம் எங்கள் சங்கம் நடத்தும் போட்டியின் இறுதி ஆட்டம். துணைச் செயலாளர் வர்கீஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். நான் மேடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆனால் கோல் வலை என் ஏற்பாடு. தோப்பும்படி மீன்பிடித் துறையில் கழித்துப்போட்ட வலையை வாங்கிக் கட்டச் சொல்லியிருந்தேன். ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து வலைக்குள் கிடந்தது. முன்னால் போனதா, பக்கத்துக் கிழிசல் வழியாக நுழைந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை, நடுவருக்கும்தான். இரண்டு பக்கத்து ஆட்களும் மைதானத்தில் இறங்கினார்கள். ஒருவன் மூலைக் கொடிக்கம்பைப் பிடுங்கினான்.

வர்கீஸ் மைக்கை என் முன்னால் வைத்தான். "இக்கா, ஒரு வாக்கு சொல்லணும்! வேற ஆரு சொன்னாலும் இவங்க கேக்க மாட்டாங்க."

எழுந்து வாயைத் திறந்தேன். ஒரு சொல் போதும், அடங்கிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லோடு குரலும் போய்விட்டால்? தொண்டைக்குள் புண் இருக்கும் இடம் அப்போது துல்லியமாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். வெட்கத்தில் தலை குனிந்து, கைகட்டி, மைக் முன்னால் அப்படியே நின்றேன்.

நான் மைக் முன்னால் வாய் திறக்காமல் நிற்பதை ஊர் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் பார்த்திருக்கிறது. பெரிய தலைவர் யாராவது இறந்தால் ஆட்டத்துக்கு நடுவே நடக்கும் மௌன அஞ்சலியில். முன்வரிசைக்காரர் ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். கொடிக்கம்பு தரைக்குப் போயிற்று. அடித்துக்கொண்டிருந்த இரண்டு அணிகளும் வரிசையில் நின்றன. ஒரு கோல்கீப்பர் அழுதேவிட்டான்.

"ஆரு மரிச்சது?" என்று வர்கீஸ் காதோரம் கேட்டான்.

'யாருமில்லை' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவசரத்தில் என் வீட்டு மொழியான தமிழில் எழுதிவிட்டேன். வர்கீஸுக்கு மலையாளம் மட்டுமே வாசிக்கத் தெரியும். அது இறந்தவர் பெயர் என்று நினைத்து, பெருமூச்சு விட்டுத் தலை குனிந்தான்.

நடுவர் புத்திசாலி. மறுநாள் மீண்டும் ஆட்டம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். செத்தது யார் என்று ஊர் இரண்டு நாள் விசாரித்துக்கொண்டிருந்தது.

நான்கு வாரம் முடிந்து டாக்டர் முன் உட்கார்ந்தேன். "ஏதாவது சொல்லுங்க" என்றார். எத்தனையோ மேடை ஏறியவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "கதீஜா" என்றேன். மெலிந்து கீறல் விழுந்த ஒரு சத்தம் வந்தது. அவள் வேறு யாரோ பேசியதாக நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் கிட்டும்" என்றார் டாக்டர். "மைதானத்துக்குப் பத்தாது."

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

"வீட்டுக்குப் போதுங்க" என்றாள் கதீஜா.

அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை. இப்போதெல்லாம் பேசுவதற்கு முன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவு பேச்சு என்று உடம்பு அளந்து கொடுக்கிறது, மிச்சப் பகல் நீளமாகக் கிடக்கிறது. நான் சொல்வது கேட்க வேண்டுமென்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வர வேண்டும். கதீஜா வருகிறாள்.