உண்டியல் வாயில் எறும்பு

எனக்கு எண்பத்தாறு வயது. வளர்த்தது ஏழு பிள்ளை; பெற்றது ஐந்து, தங்கை விட்டுப்போனது இரண்டு.

போன வாரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பணம் எடுக்கிற மெஷினின் வாயில் எவனோ பசை தடவிய தகட்டைச் செருகி, வெளியே வருகிற நோட்டைப் பிடித்துக்கொண்டானாம். போலீஸ் முதலில் விசாரித்தது அங்கே கூட்டிப் பெருக்குகிறவளை. கேட்டதும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

கல்யாணமாகி வந்த காலத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்தோம். தீப்பெட்டி ஆபீசிலிருந்து லோடாக வரும் மரச் சீவலையும் தாளையும் வைத்து, வீட்டில் பசை காய்ச்சிப் பெட்டி ஒட்டுவேன். அந்த வேலை நின்றால் அடுப்பும் நிற்கும். பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள், ஊர்க் கோயில் உண்டியல் வாயெல்லாம் பிசுபிசுப்பு. எவனோ ஈர்க்குச்சியில் பசை தடவி உள்ளே விட்டு, காசை ஒட்டி ஒட்டி இழுத்திருக்கிறான்.

நாட்டாமை நேரே என் வாசலுக்கு வந்தார்.

“ஊருக்குள்ள பசை காய்ச்சுறவ நீதான். ஒத்துக்கிட்டா அபராதத்தோட போகும். இல்லைன்னா ஆபீசுல சொல்லி லோடை நிப்பாட்டிருவேன்.”

“எதை வச்சுச் சொல்லுதீக?”

“வாயில ஒட்டியிருக்கே, பத்தாதா?”

பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். ஊரே பின்னால் வந்தது. உண்டியல் வாயில் சாரை சாரையாக எறும்பு. எங்கள் பசைக்கு ஆபீசில் கொடுக்கும் மைதாவில் மயில்துத்தம் கலந்திருக்கும். கரப்பானுக்காக என்பார்கள். பசியில் எங்கள் பிள்ளைகள் வழித்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக என்று எல்லாருக்கும் தெரியும். அந்த விஷத்தில் எறும்பு வாய் வைக்காது.

சட்டியை அவரிடம் நீட்டினேன். “இதை நக்கிப் பாருங்க மாமா.”

அவர் பின்னால் நகர்ந்தார். உண்டியல் வாயை நானே விரலால் வழித்து நக்கினேன். சீனிப் பாகு, ஏலக்காய் மணம் வேறு. ஊரில் மிட்டாய்க் கடை ஒன்றே ஒன்று. அது நாட்டாமையின் மச்சினன் கடை.

“சாமிக்கு மிட்டாய் ஆசை வந்துட்டுபோல” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டார். “சாமி காசு, சாமி பாத்துக்கிடும். கலைஞ்சு போங்கலே.”

எனக்கென்றால் அபராதம், அவனுக்கென்றால் சாமியா? லோடு நிற்கவில்லை. ஆனால் “அவள் எடுக்கவில்லை” என்ற சொல் அவர் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. சொல்லாமலே செத்தும் போனார். எழுத்துக்கூட்டி நானே அதை எழுதிவிட்டேன், வாசிக்கப் பேத்தி இருக்கிறாள்.

ஏ தாயி, இங்கன வா. ஆச்சி எழுதுனதைச் சத்தமா வாசி. “அவள் எடுக்கவில்லை”ங்கிற இடம் வந்ததும் தெருவுக்கே கேக்குற மாதிரி வாசி.